சிவப்பு நூல் கட்டிய வெள்ளரி

கதைக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன், பிள்ளைகளே. சட்டென்று பதில் சொல்லிவிட வேண்டாம். நெஞ்சில் கைவைத்து யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் கொடியில் பத்துக் காய் காய்த்திருக்கிறது. ஒன்பது சுமார். ஒன்று மட்டும் பார்த்தாலே நாவூறுகிறது. அந்த ஒன்றை யாருக்குக் கொடுப்பீர்கள்? உங்கள் வயிற்றுக்கா, ஊரை ஆளும் ராஜாவுக்கா, இல்லை, இன்னும் முகமே காட்டாத அடுத்த வருஷத்துக்கா?

பதில் தொண்டையிலேயே இருக்கட்டும். கதையைக் கேட்டு முடித்தபிறகு வெளியே விடுங்கள்.

கிழக்கே கடலைத் தேடிப் போகிற ஓர் ஆறு இருந்தது. அதற்கு வெண்மணலாறு என்று பெயர். அதன் கரையில் ஊற்றுப்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் சோணைமுத்து என்று ஒருவனும் இருளாயி என்று ஒருத்தியும், புருஷனும் பெண்டாட்டியுமாக இருந்தார்கள்.

அந்த ஆறு மழைக்காலத்தில் கரை புரண்டு ஓடும், பனிக்காலத்தில் கணுக்கால் நனைய ஓடும், கோடை வந்துவிட்டால் ஓடவே ஓடாது. தண்ணீரெல்லாம் மணலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வேறு ஊர்க்காரர்கள் அந்த மணலைப் பார்த்தால் பாலைவனம் என்பார்கள். ஊற்றுப்பட்டிக்காரர்கள் அதைத்தான் வயல் என்பார்கள். மாசி பிறந்ததும் மணலில் முழங்கால் ஆழம் குழி தோண்டுவார்கள், அதில் ஆட்டுப்புழுக்கையும் வண்டலும் போடுவார்கள், குழிக்கு ஐந்தாக வெள்ளரி விதையை ஊன்றுவார்கள். பக்கத்திலேயே ஊற்று தோண்டிக் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். வெயில் ஏற ஏறக் கொடி படரும், கொடி படரப் படரப் பூ வைக்கும், ஊரே வறண்டு கிடக்கிற சித்திரையில் ஆற்று மணல் மட்டும் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடக்கும். வேறு வெள்ளாமை கிடையாது. அந்த வெள்ளரிதான் அவர்களுக்குக் கூழும் கஞ்சியும் துணியும்.

ஊற்றுப்பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கவனமாகக் கேளுங்கள். கதையின் ஆணிவேர் அதுதான். ஒவ்வொரு கொடியிலும் முதலில் வந்த பிஞ்சை, காம்புப் பக்கமிருந்து கடித்து ருசி பார்ப்பார்கள். வெள்ளரிக்குக் கசப்பு வந்தால் காம்புப் பக்கம்தான் முதலில் வரும். துளி கசந்தாலும் அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுவார்கள். கசக்கவில்லை என்றால், அதே கொடியில் அடுத்து வருகிற நல்ல காய்க்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார்கள். நூல் கட்டிய காயைப் பசித்தவன் பறிக்கமாட்டான், பகையாளி பறிக்கமாட்டான், திருட வந்தவன்கூடத் தாண்டிப் போய் வேறு காயைத் திருடுவான். அது முற்றி, மஞ்சளாகி, தானாக வெடிக்கும்வரை கொடியிலேயே கிடக்கும். அதன் விதைதான் அடுத்த வருஷத்து ஆறு.

அந்த வழக்கத்தில் சோணைமுத்துவுக்கு இருந்த பிடிப்பு வேறு யாருக்கும் கிடையாது. நூல் கட்டிய காய்களை விடிந்ததும் ஒரு நடை போய்ப் பார்ப்பான், உச்சிப்பொழுதில் இலையை இழுத்து மூடிவிடுவான், பொழுது சாயும்போது மறுபடி போய் நிற்பான். ஊர் அவனை அரைக்கிறுக்கு என்றது.

இருளாயி சொல்வாள்: "ஏய்யா, இருக்கிறதுலேயே நல்ல காயைப் பாத்துக்கிட்டே நிக்கிற. ஒரு நாளாவது அதைத் தின்னிருக்கியா நீ?"

"அது நமக்கு இல்ல புள்ள."

"பின்ன யாருக்காம்?"

"வர்ற வருசத்துக்கு."

"அந்த வருசம் வந்து உங்கிட்டக் கேட்டுச்சாக்கும்."

"கேக்காது. அதுக்கு இன்னும் வாயி வரல. அதான் நாம பாத்து வைக்கணும்."

இருளாயி தலையில் அடித்துக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவாள். அவளுக்கு அவன்மேல் பிரியம்தான். ஆனால் ஊர் சிரிக்கிறபோது கொஞ்சம் கூசும்.

இது இப்படி இருக்க, அந்த நாட்டை வெயிலுகந்தார் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் ஒரு பிடிவாதம். தண்ணீர் குடிக்கமாட்டார். "மாடு தண்ணீர் குடிக்கிறது, மரம் தண்ணீர் குடிக்கிறது, நானும் அதையே குடித்தால் ராஜா என்று எதற்கு இருக்கிறேன்?" என்பார். பொரித்த கறி தின்பார், ஊறுகாய் தின்பார், நெய் வடிய வடிய அப்பம் தின்பார். தாகமெடுத்தால் பாகு காய்ச்சிய பானகத்தில் இரண்டு மிடறு. சிரிக்காதீர்கள், இன்றைக்கும் அப்படி இருக்கிற ராஜாக்கள் நம் வீட்டிலேயே உண்டு.

கோடை வந்தது. ராஜாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. ஒன்றுக்குப் போனால் நெருப்பு இறங்குகிற மாதிரி எரிச்சல். அவர் அலறுகிற சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. ஒரு வைத்தியர் வந்தார், முத்துப் பஸ்பம் கொடுத்தார், போனார், எரிச்சல் போகவில்லை. இன்னொரு வைத்தியர் வந்தார், சந்தனம் அரைத்து உடம்பெல்லாம் பூசினார், போனார், எரிச்சல் போகவில்லை. மூன்றாவதாக ஒரு வயதான வைத்தியர் வந்தார். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"மகாராஜா, உடம்பில் தண்ணீர் இல்லை. தண்ணீர் குடியுங்கள்" என்றார்.

"அது மட்டும் முடியாது" என்றார் ராஜா.

வைத்தியர் வெளியே வந்து கோட்டை வாசலில் நின்று, காவல்காரனிடம் புலம்பினார்: "என்னப்பா செய்ய? உலகத்தில் இல்லாத மருந்தெல்லாம் கேட்கிறார். ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்கிறார்."

அந்த நேரம் பார்த்து இருளாயி கூடையோடு அந்த வழியே வந்தாள். வைத்தியர் சொன்னது காதில் விழுந்தது.

"குடிக்கமாட்டாராமா? அப்பக் கடிக்கச் சொல்லுங்க சாமி" என்றாள்.

"எதைக் கடிக்க?"

அவள் கூடையைத் திறந்தாள். இளம்பச்சையாய், விரல் நீளப் பிஞ்சுகள். "இதும் தண்ணிதான். மேல ஒரு தோல் போட்டிருக்கு, அவ்வளவுதான். ராசாவுக்குத் தெரியவா போவுது?"

காவல்காரன் சந்தேகப்பட்டான். "கசக்குமே அம்மா. காம்பை நறுக்கித் தேய்த்து நுரையை எடுக்க வேண்டாமா?"

"அது உங்க ஊருக் காய்க்கு. எங்க ஆத்து வெள்ளரியைக் காம்புப் பக்கமிருந்தே கடிக்கலாம்" என்று சொல்லி, ஒரு பிஞ்சை எடுத்துக் காம்புப் பக்கமாகவே நறுக்கென்று கடித்துக் காட்டினாள்.

வைத்தியருக்கு முகம் மலர்ந்தது. கூடையோடு உள்ளே போனார். ராஜா ஒரு பிஞ்சைக் கடித்தார், ஒன்று பத்தாயிற்று. மறுநாள் அரிந்து மோரில் போட்டுக் கொடுத்தார்கள், அதுவும் உள்ளே போயிற்று. அடுத்த நாள் வெள்ளரி விதையை அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுத்தார்கள், அதுவும் போயிற்று. சிவந்திருந்த கண்மேல் குளிர்ந்த வில்லையை வைத்துக் கட்டினார்கள். மூன்று தெருவுக்குக் கேட்ட சத்தம் இரண்டு தெருவாயிற்று, ஒரு தெருவாயிற்று, அப்புறம் கேட்கவே இல்லை.

"என்ன மருந்து இது?" என்று ராஜா கேட்டார்.

"மருந்து அல்ல மகாராஜா, சாப்பாடு. நோய் வந்தபின் தேடுவதற்கு அல்ல, வராமல் இருக்கத் தின்பதற்கு" என்றார் வைத்தியர்.

ராஜா இருளாயிக்குப் பட்டுச்சேலை கொடுத்தார். தினமும் ஒரு கூடை வெள்ளரி அரண்மனைக்கு வரட்டும் என்றார்.

இதையெல்லாம் ஒருவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதுரநாயகம் என்று பெயர். உக்கிராணத்துக்கு, அதாவது அரண்மனைச் சாமான் அறைக்கு, அவர்தான் அதிகாரி. ராஜா எதைத் தின்றாலும் "மதுரநாயகம் வாங்கினதா?" என்று கேட்பதே வழக்கம். இப்போது ராஜா "இருளாயி கொண்டுவந்ததா?" என்று கேட்கிறார். பொறுக்குமா? ஆள் விட்டு ஊற்றுப்பட்டி வழக்கத்தை விசாரித்துக்கொண்டு ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, தாங்கள் தின்பது ஒன்பதாந்தரம். முதல்தரமான காய்க்கு அவர்கள் சிவப்பு நூல் கட்டி ஒளித்துவைத்திருக்கிறார்கள்" என்றார்.

"அப்படியா, அதையே கொண்டுவாரும்" என்றார் ராஜா. எதற்காகக் கட்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மதுரநாயகம் வண்டி கட்டிக்கொண்டு ஆற்றுக்கு வந்தார். முதல் வீட்டுக்காரனிடம் "ராஜா கேட்கிறார்" என்றார்; அவன் பயந்து கொடுத்தான். அடுத்த வீட்டுக்காரனிடம் "ராஜா வாயில் போகிற பெருமை உன் காய்க்கு" என்றார். அவன் பூரித்துப்போய்க் கொடுத்தான். அப்படியே ஊர் முழுக்க நூல்கள் அறுந்தன. கடைசியில் இருளாயியின் கொடிக்கு வந்தார். சோணைமுத்து அப்போது தூரத்து ஊற்றில் தண்ணீர் மொள்ளப் போயிருந்தான்.

"ராஜா உன் பெயரைச் சொல்லியே கேட்டார், அம்மா. இருளாயி கொடியில் விளைந்தது வந்ததா, வந்ததா என்று மூன்று தடவை கேட்டார்" என்றார் மதுரநாயகம்.

அவளுக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை. நாட்டை ஆளுகிறவர் வாயில் தன் பெயர். இத்தனை நாள் கிறுக்கன் பெண்டாட்டி என்று சொன்ன ஊர் இனி என்ன சொல்லும் என்று நினைத்தாள். அரிவாளை எடுத்தாள், தன் கையாலேயே நூலை அறுத்தாள், தன் கையாலேயே காய்களை வண்டியில் வைத்தாள்.

சோணைமுத்து குடத்தோடு திரும்பி வந்தான். கொடியைப் பார்த்தான், மணலில் கிடந்த நூலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் குனிந்து ஒரு நூலை எடுத்து, மணலைத் தட்டி, தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். மிச்சத் தண்ணீரைக் கொடிக்கு ஊற்றினான். அவ்வளவுதான்.

அரண்மனையில் என்ன நடந்தது தெரியுமா? நூல் கட்டிய காய் முற்றிப்போன காய், தோல் தடித்தது. ராஜா ஒன்றைக் கடித்தார், "இதில் என்ன இருக்கிறது?" என்று தள்ளிவிட்டார். வண்டி நிறைய வந்த அத்தனை காயையும் மதுரநாயகம் உக்கிராணத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் கொட்டச் சொல்லிவிட்டார். ஓர் ஊரின் அடுத்த வருஷம் குப்பையில் கிடந்தது.

மறு வருஷம் மாசி வந்தது. ஊற்றுப்பட்டிக்காரர்கள் கோணலும் சூம்பலுமாக மிஞ்சிக் கிடந்த காய்களிலிருந்து எடுத்த விதையைத்தான் ஊன்ற வேண்டியிருந்தது. கொடி படர்ந்தது, பூத்தது, காய்த்தது. முதல் பிஞ்சைக் கடித்தவன் துப்பினான். இரண்டாவது கொடியில் கடித்தவனும் துப்பினான். கசக்கிற கொடியைப் பிடுங்குவதென்றால் ஆறு முழுவதையும் பிடுங்க வேண்டும். அதனால் பிடுங்காமல் விட்டார்கள். காம்பை நறுக்கினார்கள், நறுக்கிய துண்டால் காயைத் தேய்தேய் என்று தேய்த்தார்கள், வெள்ளை நுரையை வழித்துப்போட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தார்கள். நடக்கத் தெரியாத குழந்தைகூட அந்தக் கோடையில் காம்பு நறுக்கப் பழகிக்கொண்டது. சந்தையில் கூடைகள் இறங்கின இடத்திலேயே கிடந்தன. ஊரில் பாதி அடுப்பு எரியவில்லை.

இருளாயி ஒவ்வொரு காயிலும் தன் அரிவாளைப் பார்த்தாள்.

ராஜாவுக்குக் கோடையோடு கடுப்பும் திரும்பி வந்தது. அரண்மனைக்குப் போன கூடையிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்து, போன வருஷ ஞாபகத்தில் கடித்து, முகம் சுளித்து எறிந்தார்.

மதுரநாயகம் காத்திருந்தவர்போல் சொன்னார்: "போன வருஷம் நூல் கட்டியதைப் பிடுங்கிய கோபம், மகாராஜா. நல்லதை ஒளித்துவைத்துக்கொண்டு கசந்ததைத் தங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆற்று மணலைவிட்டே இவர்களை விரட்ட வேண்டும்."

ஊரின் சார்பாகச் சோணைமுத்துவையும் இருளாயியையும் சபைக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

"காய் ஏன் கசக்கிறது?" என்று ராஜா கேட்டார்.

சோணைமுத்து பேசவில்லை.

"நல்ல காயை ஒளித்தாயா?"

பேசவில்லை.

"இப்போது வாய் திறக்காவிட்டால் நாளைக்கு உன் ஊரே ஆற்றைவிட்டுப் போக வேண்டும்."

சோணைமுத்து மணிக்கட்டு நூலைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். அவன் ஏன் பேசவில்லை என்று அந்தச் சபையில் ஒருத்திக்குத்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் அவள் பெயர் வரும். இருளாயி முன்னால் வந்தாள்.

"அவரைக் கேக்காதீங்க மகாராசா. என்னைக் கேளுங்க. நூலை அறுத்தது என் கையி."

"எந்த நூல்?"

"விதைக்குன்னு விட்ட காய்க்குக் கட்டுன நூலு. ராசா கேட்டாகன்னு சொன்னாக. எம்பேரு பெருசா தெரிஞ்சுச்சு, வர்ற வருசம் சின்னதா தெரிஞ்சுச்சு. அறுத்துட்டேன். நல்லதையெல்லாம் வண்டியில ஏத்திட்டோம்; நொள்ளையை விதைச்சோம். அதான் கசக்குது."

ராஜா சோணைமுத்துவைப் பார்த்தார். "விதைக்கு எல்லாக் காயும் ஒன்றுதானே? நல்ல காயைத்தான் விட வேண்டுமா?"

அப்போதுதான் சோணைமுத்து வாயைத் திறந்தான். "சாமி, வெள்ளரி பொறந்தப்பவே இப்படிப் பொறக்கல. எங்க அப்பன் சொல்லுவாரு. வடக்கே பனிமலை அடிவாரத்துக் காட்டுல அது கட்டைவிரல் தண்டி காயா, வெறும் கசப்பாக் கெடந்துச்சாம். ஒருத்தன் கடிச்சான், துப்பினான். ரெண்டாமவன் கடிச்சான், துப்பினான். மூணாமவனுக்குத் தாகம்; நூறு காயைக் கடிச்சதுல ஒண்ணு மட்டும் கொஞ்சங் கசப்புக் கொறைவா இருந்துச்சு. அதோட விதையை எடுத்து வச்சான். அதுல வந்ததுல நல்லதை அவன் மவன் எடுத்து வச்சான். அதுல நல்லதைப் பேரன் எடுத்து வச்சான். இப்படி ஆயிரம் தலைமுறை, சாமி. ஒட்டகத்துல போயி, கப்பல்ல போயி, மேக்கே இருக்கிற ராசாக்க தட்டுலயெல்லாம் ஏறுச்சாம். எங்க ஆத்துக்கு யாரோ ஒரு பரதேசி துண்டு முடிச்சுல வந்துச்சாம். இந்தத் தித்திப்பு மண்ணு குடுத்ததில்ல, தண்ணி குடுத்ததில்ல. ஒவ்வொருத்தனும் நல்லதைத் திங்காம வச்சது. ஒருத்தன் தின்னுட்டா, காயி வந்த வழியே காட்டுக்குத் திரும்பிப் போயிரும்."

"பசப்புகிறான், மகாராஜா" என்றார் மதுரநாயகம். "இந்தக் கூடைக்குள்ளேயே நல்ல காய் கலந்திருக்கும்."

"அப்ப எல்லாரும் எடுத்துக் கடிச்சுப் பாருங்க. எந்த மூலையிலேருந்து வேணாலும் எடுங்க" என்று இருளாயி கூடையைச் சபைநடுவே வைத்தாள்.

மந்திரி ஒன்றை எடுத்தார், காம்பை நறுக்கினார், தேய்த்தார், கடித்தார், முகம் கோணியது. சேனாபதி ஒன்றை எடுத்தார், காம்பை நறுக்கினார், தேய்த்தார், கடித்தார், முகம் கோணியது. வயதான வைத்தியர் ஒன்றை எடுத்தார், அவரும் நறுக்கினார், தேய்த்தார், கடித்தார், கோணினார். மதுரநாயகம் "நான் சொல்கிறேன் கேளுங்கள், இவர்கள் மணலுக்குள் புதைத்துவைத்திருப்பார்கள்" என்று பேசிக்கொண்டே ஒன்றை எடுத்தார். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். எடுத்த காயைக் காம்புப் பக்கமாகவே வாயில் வைத்து நறுக்கென்று கடித்தார். அடுத்த நொடி தூவென்று துப்பினார்.

எல்லோரும் சிரித்தார்கள். இருளாயி சிரிக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? இந்தச் சபையில காம்பை நறுக்காமக் கடிச்ச ஒரே வாயி உங்க வாயிதான். அது எங்க பழகுச்சு?"

"போன வருஷத்துப் பழக்கம்" என்றார் அவர்.

"போன வருசத்துப் பழக்கம் ரெண்டு காய் கசந்தா மறந்துரும் ஐயா. இதோட நடுவுலயே பொறந்த நானே மறந்துட்டேன். உங்க கை மறக்கலைன்னா, எங்கேயோ தித்திக்கிற காயி நேத்துவரைக்கும் கெடைச்சிருக்கு."

மதுரநாயகத்தின் நெற்றியில் வேர்த்தது. ராஜா அதைப் பார்த்தார். "போன வருஷம் வந்த அந்தக் காய்களை என்ன செய்தீர்?"

"குப்பையில்... உக்கிராணத்துப் பின்கட்டில்..."

"வாருங்கள், போய்ப் பார்ப்போம்."

"வேண்டாம் மகாராஜா, அங்கே நாகம் குடியிருக்கிறது. அதனால்தான் ஒருவரையும் அந்தப் பக்கம் விடுவதில்லை."

"நாகம் வெள்ளரிக்காயா சாமி திங்கும்?" என்று கேட்டான் சோணைமுத்து. ராஜா எழுந்து நடந்தார். சபையே பின்னால் போயிற்று.

பின்கட்டுக் கதவைத் திறந்தார்கள். நாகமும் இல்லை, ஓணானும் இல்லை. சமையல்கட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடிப் பாய்ந்து, குப்பைமேட்டில் விழுந்த விதையெல்லாம் முளைத்து, சுவரேறி, ஓட்டுக்கூரை முழுவதும் பச்சையாய்ப் படர்ந்து கிடந்தது. தானாக முளைத்ததைக் கண்டதும், ஓடிப்போய் ஊருக்குச் சொல்லாமல், கோடை முழுவதும் ஒற்றை ஆளாகப் பறித்துத் தின்றிருக்கிறார் மனிதர். ஓர் ஊர் பட்டினி கிடக்க, ஒரு ராஜா எரிச்சலில் துடிக்க, ஒரு கதவுக்குப் பின்னால் தித்திப்பு ஒளிந்திருந்தது.

ஆனால் பிள்ளைகளே, கொடியில் பிஞ்சு ஒன்றுகூட இல்லை. காம்புகள்தான் இருந்தன. நல்லதெல்லாம் இளசிலேயே அவர் வயிற்றுக்குப் போயிருந்தது. வெயிலில் கொடியும் மஞ்சளித்து முடியப்போகிற நேரம். விதைக்கென்று அவர் எதை விட்டார்? ஒன்றும் விடவில்லை. இருளாயி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

சோணைமுத்து மட்டும் கூரைமேல் ஏறினான். இலை இலையாக விலக்கினான். இந்தச் சரிவில் இல்லை. நடு முகட்டில் இல்லை. கூரையின் அந்தப் புறம், மதுரநாயகத்தின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில், ஓட்டு இடுக்கில் கனிந்து, பொன்னிறமாய், ஒரு பக்கம் லேசாக வெடித்து, ஒரே ஒரு பழம் கிடந்தது. அவன் பறிக்கவில்லை. கையை அடியில் ஏந்திவிட்டு விரலால் தொட்டான். பழம் தானே காம்பை விட்டு அவன் கையில் இறங்கியது.

கீழே கொண்டுவந்து இருளாயியின் மடியில் வைத்தான். அவள் அழுதாள். "புள்ள, விதை உள்ளதான் இருக்கு. கண்ணீரு போதும், சாம்பல் எடுத்துக்கிட்டு வா" என்றான்.

ராஜா மதுரநாயகத்தை நிறுத்திச் சொன்னார்: "கேட்காமல் உத்தரவு போட்ட குற்றம் என்னுடையது, ஊற்றுப்பட்டி அடுப்புகள் அடுத்த கோடைவரை என் நெல்லில் எரியும். மறைத்த குற்றம் உம்முடையது. அடுத்த கோடை முழுவதும் நீர் அந்த ஆற்றில் தண்ணீர் சுமக்க வேண்டும். ஆற்றில் எத்தனை கொடி உண்டோ அத்தனை கொடியின் முதல் பிஞ்சையும் நீர்தான் கடித்து ருசி சொல்ல வேண்டும். காம்புப் பக்கமிருந்து."

அப்படியே நடந்தது. ஒரு பழத்தின் விதையை வீட்டுக்கு ஐந்தாகப் பங்கிட்டு, சாம்பலில் பிசறி, நிழலில் உலர்த்தி வைத்து, மாசியில் ஊன்றினார்கள். மதுரநாயகம் குடம் சுமந்தார், தோள் காய்த்துப்போயிற்று. பிஞ்சு பிடித்ததும் கொடி கொடியாகப் போய்க் கடித்தார். பழைய கசப்பு சில கொடிகளில் இன்னும் ஒட்டியிருந்தது. துப்பினார், கொடி பிடுங்கப்பட்டது. மறுபடி கடித்தார், துப்பினார், பிடுங்கப்பட்டது. நாக்கு ருசிக்கே வாழ்ந்தவர், நாள் முழுதும் கசப்பு தின்றார். ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு கொடியருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து இருளாயியிடம் வந்தார்.

"அம்மா, அந்தக் கொடி காம்புவரைக்கும் கசக்கவில்லை. இன்னொரு காய் விட்டிருக்கிறது. பறித்துவிடாதே, நூல் கட்டு" என்றார்.

இருளாயி சோணைமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வெயிலில் வெளுத்துப்போயிருந்த அந்த நூலை அவிழ்த்தாள். அதே நூலைக் கொண்டுபோய், அறுத்த அதே கையால், அந்தக் காயின் காம்பில் கட்டினாள்.

ராஜா அதன்பிறகு தினம் ஒரு வேளை வெள்ளரி தின்றார், கூச்சப்படாமல் தண்ணீரும் குடித்தார். நாட்டில் எங்கெல்லாம் கோடையில் ஏரி வற்றியதோ அங்கெல்லாம் அதன் மண்ணில் வெள்ளரிக் குழி தோண்டினார்கள். ஊற்றுப்பட்டிக்காரர்கள் கொடி அந்த ஆற்றில் தழைத்தது. கதை இந்த வாசலில் இறங்கியது.

இப்போது தொண்டையில் வைத்திருக்கும் பதிலை எடுங்கள். நாம் எதைத் தின்று தீர்க்கிறோமோ அது இன்றைக்கு. எதை நல்லதாகப் பார்த்து விட்டுவைக்கிறோமோ அதுதான் நமக்குப் பின்னால் வருகிறவர்களின் ருசி. நல்ல காயில் மட்டுமல்ல, நல்ல சொல்லில், நல்ல பழக்கத்தில், நல்ல மனிதரிலும் அப்படித்தான். மிச்சத்தை விதைத்துவிட்டு, பிள்ளைகள் ஏன் கசக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

ஆகையால் இன்றைக்கே எழுந்திருங்கள். வெயிலில் களைத்துவருகிற பிள்ளைக்குச் சாயம் கலந்த பானத்தை நீட்டாமல், கழுவிய வெள்ளரிப் பிஞ்சு ஒன்றைக் கையில் கொடுங்கள். சந்தைக்குப் போய்க் கனிந்த வெள்ளரிப்பழம் ஒன்றை வாங்கி, விதையை அலசி, சாம்பலில் பிசறி, நிழலில் காயப்போடுங்கள். வீட்டில் ஒரு துண்டுச் சிவப்பு நூல் இருக்கும்; தேடி எடுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே நல்லது எதுவோ அதற்குக் கட்டுங்கள். நாளைக்குக் கட்டலாம் என்று மட்டும் இருந்துவிட வேண்டாம். நாளை விடிவதற்குள் வண்டி வந்துவிடும்.